உத்தரம் இல்லாத கூரையில் தொட்டில்

ஓய்வுபெற்ற பிறகும் மாதம் ஒருமுறை பழைய அலுவலகத்துக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது என் வழக்கம். சென்ற முறை போனபோது இளையவர்கள் நாலைந்து பேர் ஒரு கணினியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்து வினோதக் கட்டடங்களின் படங்கள். ஒன்று கூடை வடிவத்தில் அலுவலகம், கைப்பிடியோடு. ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்த வீடு. இன்னொன்றில் மாடிக் கட்டடங்கள் இரண்டு இடுப்பை வளைத்து ஆட்டம் போடுவது போல நிற்கின்றன. அவர்களில் ஒரு பெண், "நம்ம மலையில இப்படி ஒண்ணாச்சும் இருக்குங்களா ஐயா? இங்க எல்லாம் லயமும் தகரமும்தானே" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். அதன் படத்தை வரைந்தவன் நான் என்றும் சொன்னேன். நம்பாமல் பார்த்தார்கள். அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் இலங்கை மலையகத்தில் வினோதக் கட்டடம் பார்க்க உலகம் சுற்ற வேண்டியதே இல்லை. இங்கே வந்தவர்கள் எல்லாரும் தங்கள் ஊரை ஞாபகத்தில் சுமந்து வந்து கட்டி வைத்தார்கள். தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களில் வெள்ளைச் சுவரின் மேல் கறுப்புப் பலகை அடித்திருக்கும். அது எதையும் தாங்குவதில்லை. அவர்கள் ஊர்ப் பழைய வீடுகளில் அப்படித் தெரியுமாம், அதற்காக. குளிருக்கு ஒரு புகைபோக்கி போதும் என்ற இடத்தில் நாலு இருக்கும். கொஞ்சம் கீழே இறங்கினால் கல் கட்டிய தேவாலயம், ஊசிக் கோபுரத்தோடு. அதற்கு எதிர் மேட்டில் எங்கள் மாரியம்மன் கோயில், நீலமும் மஞ்சளும் பூசி. நடுவில் தேயிலை அரைத்து உலர்த்தும் ஸ்டோர், வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த வெள்ளித் தகரக் கட்டடம். மூடுபனியில் பார்த்தால் கப்பல் தரைதட்டி நிற்பதாகத் தோன்றும். இத்தனைக்கும் நடுவே தொழிலாளர் குடியிருக்கும் லயம். அதற்கு மட்டும் எந்த ஊர் ஞாபகமும் கிடையாது. ஒரு நீளக் கூரை, அதன் கீழ் எத்தனை காம்பரா, அதாவது அறை, வெட்டலாம் என்ற கணக்கு மட்டும்.

அக்கரப்பத்தனைப் பக்கம் அப்படியொரு லயத்தில்தான் நான் பிறந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்து வகுப்பு, பிறகு கொட்டகலைக்குப் போய்ப் படித்தது, கணக்கிலும் படம் வரைவதிலும் நல்ல புள்ளி வாங்கியது எல்லாவற்றையும் இங்கே நீட்ட மாட்டேன். தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்தது, குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க வேலை கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதனால் ஹட்டனில் தோட்டங்களுக்குக் கட்டட வேலை செய்து கொடுத்த ஒரு பொறியியலாளரிடம் படம் வரைபவனாகச் சேர்ந்தேன். வாத்தியார் சொன்ன புத்திமதிகளை ஒன்று விடாமல் நம்பிய வயது அது. சட்டையைத் தினமும் தோய்த்துப் போடுவேன். பென்சிலை மூன்று அளவுக்குச் சீவி வைத்திருப்பேன்.

அந்தப் பொறியியலாளர் சில்வா. ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதுபோல எல்லாரும் மாத்தயா என்போம். சிங்களவர், ஆனால் ஹட்டன் பஜாரில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவர் வீட்டில் சமைத்த அம்மா ஒருத்தியிடம் தமிழ் படித்ததால், யாரிடம் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அலுவலகத்துக்குள் தெருநாய் நுழைந்தால்கூட "வெளிய போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். நாயும் மரியாதையாகப் போய்விடும்.

எங்கே கட்டடம் கட்டச் சொன்னாலும் அவர் முதலில் செய்வது மழையில் போய் நிற்பது. வெயிலில் நிலத்தைப் பார்ப்பவன் பாதியைத்தான் பார்க்கிறான் என்பார். குடை பிடிக்க மாட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் மண் கரைகிறது என்று பார்த்து, அங்கங்கே ஒரு குச்சி நடச் சொல்வார். அந்தக் குச்சிகளைத்தான் நான் முதலில் படத்தில் குறிக்க வேண்டும். என் படத்தில் பிழை இருந்தால் திட்ட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மெல்ல ஒரு சீட்டி அடிப்பார். அவ்வளவுதான். எங்கே பிழை என்று நானே தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்தச் சீட்டி என் காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நான் பிறந்த அதே தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை, லீவுக்குச் சீமைக்குப் போய்த் திரும்பியவர், கை நிறையப் பத்திரிகைகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மெக்சிகோவில் பூ விரிந்தது போன்ற கூரை. ஸ்பெயினில் ஒரு சந்தைக்கு உத்தரமே இல்லாமல் போட்ட வளைவு. எல்லாம் மெல்லிய கொங்கிரீட், சிப்பி ஓடு மாதிரி. அப்படியொரு கூரை தன் தோட்டத்திலும் வேண்டும் என்றார். எதற்கு என்று மாத்தயா கேட்டார். பிள்ளைக் காம்பராவுக்கு என்றார் துரை.

பிள்ளைக் காம்பரா என்பது கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். பழையது ஒழுகும். அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். என் அக்கா மாரியாயியின் பையன் அங்கே இருமி இருமி இளைத்துப் போயிருந்தான். சில நாள் அவள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே கொழுந்து மலைக்குப் போனாள். அதனால் துரை சொன்னதைக் கேட்டபோது, அந்தப் படத்தை என் கையால் வரையக் கிடைக்க வேண்டுமே என்று நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

மாத்தயா வேலையைத் தொடங்கிய விதம் இன்றைக்கும் எனக்கு வியப்பு. புத்தகத்தைப் பார்த்து அந்த வளைவைக் கணக்குப் போடலாம்தான். அவர் அதோடு நிற்கவில்லை. சதுரமான ஒரு பழைய கோணிச் சாக்கைக் கொண்டுவரச் சொன்னார். அதைச் சீமெந்துக் கரைசலில் ஊற வைத்து, நான்கு கம்பங்களில் நான்கு மூலைகளையும் கட்டித் தொங்கவிட்டோம். சாக்கு தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ந்தது. அப்படியே காய விட்டோம். இறுகிய பிறகு அவிழ்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். நாலு காலில் நிற்கும் சின்னக் கூரை ஒன்று எழுந்து நின்றது. மாத்தயா என்னை அதன் மேல் ஏறச் சொன்னார். தயங்கினேன். "ஏறுங்க ராஜு, ஒடஞ்சா சாக்குதானுங்களே" என்றார். ஏறினேன். உடையவில்லை.

தொங்கும்போது எல்லாம் இழுவை, கவிழ்த்தால் எல்லாம் அமுக்கம், கொங்கிரீட்டுக்கு அமுக்கம் பிடிக்கும் என்று விளக்கினார். பிறகு சாக்குக்கு மேலே கட்டம் கட்டமாக நூல் கட்டி, நூல்கள் குறுக்கே வெட்டும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி உயரத்தை அளந்தேன். அந்த உயரங்களைப் பெருக்கித்தான் கூரையின் படம் பிறந்தது. அதில் வந்த கோடு எதையும் அடிமட்டம் வைத்துப் போட முடியவில்லை. எல்லாம் வளைவு. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்தப் படமும் வரைந்ததில்லை.

வளைவுக்கு அச்சுப் பலகை அடிக்க மெல்லிய பலகை வேண்டும். ஸ்டோரில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து அடித்தோம். கம்பி வலையும் கட்டியாயிற்று. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரே நாளில் கொங்கிரீட் போட்டு முடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து லொறியில் வெள்ளை இரும்புக் கட்டில்கள் வந்து இறங்கின. நாலு பக்கமும் கம்பி வைத்த குட்டிக் கட்டில்கள். துரையின் பத்திரிகையில் பிள்ளைகள் அப்படித்தான் தூங்கினார்கள். படத்திலும் அவற்றைத்தான் நான் வரிசையாக வரைந்திருந்தேன்.

தாய்மார் பார்க்க வந்தார்கள். ஒரு கட்டிலில் ஒரு பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். அது கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்திய கத்தலில் இடுப்பிலிருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தின. அக்கா அச்சுப் பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, வளைச்சு நல்லாத்தான் கட்டுறீங்க. ஆனா உத்தரத்தக் காணமே. தொட்டில எதுல கட்டுறது?"

இந்தக் கூரைக்கு உத்தரம் தேவையில்லை, அதுதான் இதன் அழகு என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"அழகு இருக்கட்டும்டா. பிள்ள ஆடாமத் தூங்குமா? நீ தூங்குனியா? ஒன்ன ஆட்டி ஆட்டித்தான் எனக்கு வலது கை நீண்டு போச்சு."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் முடிவு சிரிப்பாக இல்லை. தொட்டில் கட்ட முடியாத இடத்தில் பிள்ளையை விட மாட்டோம் என்று ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். துரையும் விடவில்லை. தோட்டத் தமிழில், "தொட்டில் வேணாம், கட்டில் நல்லம்" என்றார். பிள்ளைகள் வராவிட்டால் அந்தக் கட்டடத்தில் உர மூட்டை அடுக்குவேன், பழைய காம்பராவே அவர்களுக்குப் போதும் என்றும் சொல்லிவிட்டார். அந்த அழகான வளைவுக்குக் கீழே உர மூட்டை, அக்காவின் பிள்ளைக்கு மறுபடியும் புகை.

மாத்தயா கண்ணாடியைக் கழற்றினார். சீட்டி அடித்தார். இந்த முறை அது என் பிழைக்கு அல்ல, தன் பிழைக்கு. பிறகு அந்தச் சாக்குக் கூரையைத் தூக்கிவரச் சொல்லி, பெண்களுக்கும் துரைக்கும் நடுவே வைத்தார். ஒரு ஆணியின் முனையால் ஓரிடத்தில் ஓங்கிக் குத்தினார். உள்ளே போயிற்று. பிறகு எல்லாப் பெண்களையும் சுற்றி நின்று ஆளுக்கொரு கையை அதன் மேல் வைத்து அழுத்தச் சொன்னார். அசையவில்லை.

"ஒரே இடத்துல பாரம் குடுத்தா இதுக்குக் கோவம் வரும்ங்க. எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா சந்தோஷமாத் தாங்கும்ங்க. பிள்ளைங்க எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பாரந்தானே?"

கூரை முழுவதும் பரவலாகக் கொக்கிகள், ஒரு கொக்கிக்கு ஒரு தொட்டில். இதுதான் அவர் யோசனை. கொக்கியின் மேல்முனை கம்பி வலையோடு பின்னி இருக்கும், கீழ்முனை அச்சுப் பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும். கடைசியில் துரை ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அச்சைப் பிரித்த பிறகு அவர் கண்முன்னே தொட்டில்களைப் பாரம் வைத்து ஆட்டிக் காட்ட வேண்டும். ஒரு மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் கொக்கிகளை அறுத்துவிட்டுக் கட்டில்தான்.

கணக்குப் போட ஒரு பிள்ளையின் பாரம் தெரிய வேண்டும். ஆடும் பொருள் கீழே வரும்போது கயிற்றை அதிகமாக இழுக்கும், அதனால் நிற்கும் பாரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது, அதைப் போலப் பல மடங்கு தாங்க வேண்டும் என்று மாத்தயா சொல்லியிருந்தார். ஆனால் பிள்ளையின் பாரம் எந்தத் தாய்க்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் தராசிலேயே பிள்ளைகளைப் படங்கு எனும் கோணிச் சாக்கில் உட்கார வைத்துத் தொங்கவிட்டோம். தினமும் கொழுந்து எடை எழுதும் கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் ஒவ்வொரு றாத்தலையும் உரத்துச் சொன்னார். ஈரக் கொழுந்துக்கு எடையில் கழிப்பது அவர் வழக்கம். அக்காவின் பையன் சாக்கை நனைத்துவிட்டான்.

"இவனும் ஈரமாயிட்டானுங்க. இவனுக்கும் ரெண்டு றாத்தல் கழிச்சிருவீங்களா ஐயா?" என்றாள் அக்கா.

கணக்கப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது.

கொங்கிரீட் போட்ட நாளில் தோட்டமே வந்து நின்றது. நான்கு மூலைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் தொடங்கி நடுவை நோக்கிப் போட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் அச்சு சாயும். கொங்கிரீட் அள்ளிய தாச்சிச் சட்டிகள் கைமாறிக் கைமாறி மேலே போயின. நான் கீழே படுத்துக்கொண்டு கொக்கி ஒன்றும் கோணாமல் பார்த்துக்கொண்டேன். நடுக் கொக்கியை மூடிய பிறகு எதிர்மலையில் மழை இறங்குவது தெரிந்தது. சாக்குகளை நனைத்து மேலே மூடினோம்.

இறுகுவதற்கு வேண்டிய நாள் கழித்து அச்சைப் பிரித்தோம். நடுவிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வர வேண்டும் என்பது மாத்தயாவின் கண்டிப்பு. கடைசி முட்டு விழுந்ததும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். தேயிலைப் பெட்டிகளில் குத்தியிருந்த மை கொங்கிரீட்டில் ஒட்டிக்கொண்டு, தோட்டத்தின் பெயர் கூரை முழுவதும் இடம்வலமாகத் திரும்பித் தெரிந்தது. வெள்ளையடிக்கலாமா என்று நான் துரையைக் கேட்டேன். அவர் தலையைச் சாய்த்து அதைப் படிக்க முயன்றுகொண்டே, வேண்டாம் என்றார்.

சோதனை நாள் வந்தது. தாய்மார் தோய்த்த சேலைகளைக் கொண்டுவந்து கயிற்றில் கோத்துத் தொட்டில்கள் கட்டினார்கள். வாசலில் ஓர் ஆள் பாரத்துக்கு நிரப்பிய மணல் மூட்டைகள் தயாராக இருந்தன. ஆட்கள் முதல் மூட்டையைத் தூக்கியபோது அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"தொட்டில்ல மண்ணப் போட விட மாட்டோமுங்க."

மாத்தயாவுக்குப் புரியவில்லை. பிள்ளை படுக்கும் சேலையில் மண்ணை வைப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய அபசகுனம் என்று நான் சொன்னேன். அப்படியானால் வெறுமனே ஆட்டலாமா என்று துரை கேட்டார். வெறுந்தொட்டிலை ஆட்டவே கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். மண்ணும் கூடாது, வெறுமையும் கூடாது. ஆட்டிப் பார்க்காமல் துரை ஒப்பமாட்டார். வாசலுக்கு அப்பால் உர மூட்டை ஏற்றிய லொறி ஒன்று ஸ்டோர்ப் பக்கம் போனது.

"தொட்டில்ல என்னதான் போடலாம்ங்க?" என்று கேட்டார் மாத்தயா.

"ஆளப் போடலாமுங்க" என்றாள் அக்கா.

மாத்தயா கண்ணாடியைக் கழற்றினார். சீட்டி அடிக்கவில்லை. "ஏறுங்க ராஜு" என்றார்.

தோய்த்து மடித்த சட்டையோடு நான் அக்காவின் பச்சைச் சேலைத் தொட்டிலில் ஏறிச் சுருண்டு படுத்தேன். கணக்கப்பிள்ளையைப் பெண்கள் நான்கு பேர் பிடித்து ஒரு தொட்டிலில் போட்டார்கள். இத்தனை நாள் அவரிடம் எடை கொடுத்தவர்களின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. மேசன்கள் ஏறினார்கள். மாத்தயா தானே கேட்டு வாங்கி ஒரு தொட்டிலில் ஏறினார். நடுத் தொட்டில் மட்டும் மிஞ்சியது. எல்லாரும் துரையைப் பார்த்தோம்.

அவர் தொப்பியைக் கழற்றி என் வயிற்றின் மேல் வைத்துவிட்டு நடுத் தொட்டிலில் ஏறினார். ஆறடி மனிதர். பூட்ஸ் ஒரு பக்கம், தலை மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் ஆட்டத் தொடங்கினார்கள். துரை தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையும் பாட்டில் இழுத்து யாரோ எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்:

"ஆராரோ ஆரிரரோ – எங்க
ஆறடிப் பச்சப்புள்ள
பெரட்டுக்கு நேரமாச்சு – நீ
பேசாமத் தூங்கு கண்ணே."

என் வேலை, கொக்கிகளைச் சுற்றி வெடிப்பு விழுகிறதா என்று பார்ப்பது. தொட்டிலில் படுத்தபடியே பார்த்தேன். ஓரத்தில் கூரை தாழ்வு, கயிறு குட்டை, தொட்டில்கள் படபடவென்று ஆடின. நடுவில் கூரை உயரம், கயிறு நீளம். துரை மட்டும் நிதானமாக, பெரிய வீச்சில் போய்ப் போய் வந்தார். நான் ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்து முடித்தேன். ஒரு கோடு இல்லை. மாத்தயாவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவரும் தன் தொட்டிலிலிருந்து தலையசைத்தார். போதும் என்று யாரும் சொல்லவில்லை. துரை சொல்லியிருக்கலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இறங்கியபோது அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "தொட்டில் நல்லம்."

கட்டில்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போயின. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். அன்று காலை நானும் மாத்தயாவும் போய்ச் சேர்வதற்குள்ளேயே உள்ளிருந்து பெரிய சத்தம் கேட்டது. கூரையில் ஏதோ ஆகிவிட்டது என்று மாத்தயா ஓடினார், நான் அவருக்கு முன்னால் ஓடினேன்.

உள்ளே அக்காவும் பக்கத்து லயத்து செல்லம்மாவும் நேருக்கு நேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுக் கொக்கிக்காக. நீளக் கயிற்றில் மெதுவாக ஆடினால் பிள்ளை நெடுநேரம் தூங்கும் என்பது சோதனை நாளிலேயே எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்துபோயிருந்தது. என் தம்பி வரைந்த வீடு, அதனால் கொக்கி எனக்கு என்றாள் அக்கா.

"வரைஞ்சது ஒன் தம்பி. அந்தக் கொக்கியில தொரைய இடுப்பு ஒடிய ஆட்டுனது ஆரு? நானு" என்றாள் செல்லம்மா.

தீர்ப்புச் சொல்லும்படி இருவரும் மாத்தயாவின் பக்கம் திரும்பினார்கள். அவர் பதில் சொல்லாமல் அவர்களுக்குப் பின்னால் கை நீட்டினார். யாரோ ஒரு தாய் சத்தமில்லாமல் வந்து நடுக் கொக்கியில் தன் மஞ்சள் சேலையைக் கட்டி, பிள்ளையைப் போட்டு, ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மலைக்குப் போயிருந்தாள். பிள்ளை தூங்கியிருந்தது. தொட்டில் பெரிய வீச்சில் போய் வந்துகொண்டிருந்தது.

இருவரும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மீதிச் சண்டையைக் கிசுகிசுப்பாகப் போட்டபடியே, ஆளுக்கொரு பக்கம் தங்கள் சேலைகளைக் கட்டத் தொடங்கினார்கள்.